திருப்பி அனுப்பவும்

சிவனணைந்தபெருமாளுக்கு அறுபத்தெட்டு வயசு. அவருக்குக் குருவாக வாய்த்த பூரணத்தம்மாளுக்கு நாற்பத்திரண்டுதான். சிஷ்யர் குருவை 'அம்மா' என்பார்; குரு சிஷ்யரை 'அண்ணாச்சி' என்பார். ஆற்றங்கரை மடத்தில் அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

வந்து மூன்று வருஷமாயிற்று. காவி வேண்டும் என்று அவர் கேட்கும் போதெல்லாம் "பார்ப்போம் அண்ணாச்சி" என்ற பதில்தான். அன்றைக்கு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இதை ஆத்துல விட்டுட்டா எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லைம்மா. அப்புறமாவது காவி தருவீங்களா?"

"உள்ள என்ன?"

"பொண்ணுங்க போட்டோ. கல்யாணத் தரகு பார்த்த காலத்துல வாங்கினது."

அப்போதெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் படத்தைத் தபால் அட்டையிலேயே போட்டுத் தருவார்கள். ஜாதகத்தோடு அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். இடம் அமையவில்லையென்றால் படம் பெண் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அதுதான் மரியாதை. ஊரான் வீட்டுப் பெட்டியில் பெண்பிள்ளை படம் கிடக்கலாமா? நம்ம அண்ணாச்சிக்கு அந்த மரியாதையெல்லாம் நன்றாகவே தெரியும். சோம்பேறித்தனம்தான். அடுத்த இடத்துக்கும் காட்டலாமே என்று பெட்டிக்குள் போட்டுப் போட்டு மூடிவிட்டார்.

பூரணத்தம்மாள் மேலே கிடந்த படத்தை எடுத்தார். திரைச்சீலையில் வரைந்த குளத்துக்கு முன்னால் ஒரு பெண் விறைப்பாக நின்றிருந்தாள். பின்பக்கம் விலாசம். அதற்குக் கீழே, 'பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.'

"இது யாரு?"

அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று.

"சண்முகவடிவு. காய்ச்சல்ல போயிட்டா. அந்தப் புள்ளைக்கு எடுத்த ஒரே போட்டோ இதுதான். மாலை போடப் படம் வேணும்னு அவ அப்பா என் வீட்டுக்கு நடையா நடந்தார். நான் தேட அலுப்புப்பட்டுக்கிட்டு, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கெடச்சுது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கொண்டுபோய்க் குடுப்பேன்? முப்பத்தஞ்சு வருஷமாச்சு. அலுத்துப்போச்சும்மா."

"ஆறு எதுக்கு அண்ணாச்சி? அதான் விலாசம் இருக்கே."

மறுநாள் காலையில் அந்த ஒரு படத்தோடு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. மடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"குடுத்தாச்சா?"

"அப்பா செத்துப்போயிட்டார். தங்கச்சி உலகம்மாள் இருக்கா. அவளுக்கே இப்ப அம்பது வயசு. வீட்டுச் சுவத்துல ஒரு சட்டம் தொங்குதும்மா. கண்ணாடி இருக்கு, உள்ள படமில்லை. போட்டோ எப்படியும் கெடச்சிரும்னு அப்பா முன்னாடியே செஞ்சு மாட்டினாராம். வருஷா வருஷம் அந்த வெறுஞ்சட்டத்துக்குத்தான் மாலை போட்டிருக்காங்க."

அண்ணாச்சி வீங்கின காலை நீவிவிட்டுக்கொண்டார்.

"படத்தை ரொம்ப நேரம் பார்த்தா. 'அக்கா இம்புட்டுச் சின்னப் புள்ளையா'ன்னா. அப்புறம் எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தா. ஒரு வார்த்தை திட்டலையேம்மா! நல்லா நாலு கேள்வி கேட்டிருந்தா எனக்குப் பாரம் இறங்கியிருக்கும்."

"ம்."

"இனி என்னால ஆகாது. ஓய்ஞ்சுபோயிட்டேன். அந்தக் காவியைக் குடுத்துடுங்க, ஒரு மூலையில உக்காந்துக்கிடுறேன்."

பூரணத்தம்மாள் எழுந்து உள்ளே போனார். மடிப்புக் கலையாத காவி வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

பூரணத்தம்மாள் அந்த வேட்டியைத் தரையில் விரித்தார். தகரப் பெட்டியைக் கவிழ்த்து, மிச்சமிருந்த படங்களை எல்லாம் அதன்மேல் கொட்டினார். விலாசம் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினார். நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நீட்டியிருந்த கைகளில் வைத்தார்.

"ஆறேகாலுக்கு முதல் பஸ், அண்ணாச்சி. கட்டுச்சோறு நான் கட்டித் தர்றேன்."