கடமான் நொண்டாமல் நடந்த நாள்

ஒரு மலையடிக் காட்டில் கொடிச்சி என்றொரு பெண் கடமானும் அவள் தங்கை பூளையும் இருந்தார்கள். போன மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டும்போது ஒரு பாறை உருண்டு கொடிச்சியின் வலது பின்னங்காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கோணலாகக் கூடியது. காலையில் ஒரு மாதிரி சமாளித்து நடந்துவிடுவாள். வெயில் ஏற ஏறக் கால் மரத்துப்போகும். உச்சிப்பொழுதுக்கு மேல் நாலு எட்டு வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டும்.

அந்தக் காட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கோடையில் குட்டைகள் எல்லாம் வற்றி, ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். மடுவின் ஒரு பக்கம் நாவல் மரங்களும் பசும்புல்லும் உண்டு. அதை நிழற்கரை என்பார்கள். அங்கே யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. தண்ணீர் குடிக்க எல்லோரும் வரலாம், போகலாம். ஆனால் தங்கும் உரிமை அடிபட்டவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் மட்டும்தான். முழு உரிமை கிடைத்தால் மழை வரும்வரை அங்கேயே கிடக்கலாம். அரை உரிமை என்றால் விடிந்ததும் வந்து, உச்சிப்பொழுதில் கிளம்பிவிட வேண்டும். கிளம்பினால் கல்லேற்றம் என்ற சரிவில் ஏறித்தான் காட்டுக்குள் போக முடியும். நல்ல கால் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும் வழி அது.

யாருக்கு எவ்வளவு உரிமை என்று பார்த்துச் சொல்வது கீரியார் வேலை. யானைத் தலைவி அவரை அதற்கென்றே அமர்த்தியிருந்தாள். நேர்மையானவர். ஒரு முட்டைகூடக் கைநீட்டி வாங்க மாட்டார். ஆனால் ஒருவரை ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார். கரையோரத்துப் புற்றடியிலிருந்து பாறை வரைக்கும் நட என்பார். நடந்தால் தீர்ந்தது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

கொடிச்சியின் முறை காலையிலேயே வந்தது. புற்றடியில் போய் நின்று தலையைத் தூக்கினாள். எதிரே மருத மரக் கிளையில் சிறுத்தை படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வால் மட்டும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

கடமான் வீட்டில் பால் குடிக்கும்போதே ஒரு பாடம் சொல்லித்தருவார்கள். மந்தையில் எது நொண்டுகிறதோ, சிறுத்தை அதைத்தான் குறிவைக்கும். ஆகவே கால் முறிந்தாலும் நொண்டாதே. அந்தப் பாடம் கொடிச்சிக்கு ரத்தத்தில் ஊறியது. அவள் யோசிக்கக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு காலையும் சமமாக ஊன்றி, ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நடந்தாள். பாறை வரைக்கும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

கீரியாருக்குப் பரம சந்தோஷம்.

"நல்லாத் தேறிட்டியேம்மா. உனக்கு அரை உரிமை போதும்" என்றார். பிறகு எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். "தப்பாப் பட்டா, கொன்றையில கடைசிப் பூ உதிர்றதுக்குள்ள வந்து சொல்லு. எல்லாரையும் கூட்டி வச்சு மறுபடி பார்ப்போம். ஆனா மறுபடி பார்த்தா கூடவும் செய்யும், குறையவும் செய்யும். தெரிஞ்சுக்கோ."

கொடிச்சி தலையாட்டிவிட்டு, மூங்கில் புதருக்குப் பின்னால் போகும்வரை அப்படியே நடந்தாள். போனதும் விழுந்தாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பூளைதான் வாயில் தழை கவ்விக் கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டுத் திட்டவும் செய்தாள். நொண்டுகிற காலை நொண்டிக் காட்டுவதில் என்ன கேவலம் என்று கேட்டாள்.

"மரத்து மேல யாரு படுத்திருந்தான்னு பார்த்தியா நீ?" என்றாள் கொடிச்சி.

பூளை திட்டுவதை விட்டுவிட்டு அடுத்த தழையைத் தேடிப் போனாள். அவளும் கடமான்தானே.

மூன்றாம் நாள் மாடன் வந்தான். மாடன் ஒரு காட்டுப்பன்றி. இடது கண் கிடையாது. போன கோடையில் அவனுக்கும் முதலில் அரை உரிமைதான் கிடைத்தது. அவன் சும்மா இருக்கவில்லை. மறுபடி பார்க்கச் சொல்லி, கூட்டத்தின் நடுவில் இடது பக்கத்து மரத்தில் எல்லாம் முட்டிக்கொண்டு நடந்து காட்டி, முழு உரிமை வாங்கியிருந்தான்.

"கீரியார் கெட்டவர் இல்ல தாயி. நீ காட்டினதைத்தான் அவர் பார்த்தார்" என்றான். "உச்சி வெயில்ல வரச் சொல்லி நடந்து காட்டு. உன் கால் வெயில்ல என்ன பாடு படுதுன்னு நானும் வந்து சொல்றேன். ஆனா சீக்கிரம் போ. பூ நமக்காகக் காத்திருக்காது."

அவன் போனதும் முயல் வந்தது. அதன் வளை பக்கத்தில்தான் இருந்தது. மாடன் பேசியதெல்லாம் அதன் காதில் விழுந்திருந்தது. அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு விழாமல் எப்படி இருக்கும்?

போகவே போகாதே என்றது முயல். மாடனுக்குத் தடித்த தோல், அவன் போவான். போன வருஷம் ஒரு உடும்பு இப்படித்தான் மறுபடி பார்க்கச் சொல்லிப் போய், கிடைத்த அரை உரிமையையும் இழந்து வந்ததாம். எந்த உடும்பு என்று பூளை கேட்டாள். முயலுக்குத் தெரியவில்லை. யாரோ சொன்னார்கள் என்றது. சொன்னது யார் என்பதும் ஞாபகம் இல்லையாம்.

ஆனால் பயந்துபோயிருந்த கொடிச்சிக்கு, மாடன் வாங்கிக் காட்டிய முழு உரிமையைவிட, யாரும் பார்க்காத அந்த உடும்புதான் பெரிதாகத் தெரிந்தது.

அன்று முதல் அவளுக்கு நிம்மதி இல்லை. நிழற்கரையில் படுத்தபடி கொன்றை மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் போகலாம் என்று தோன்றும். கிளம்பும் நேரத்தில் மறுபடி படுத்துவிடுவாள். அரை உரிமையும் போய்விட்டால் காலையில்கூடப் படுக்க இடம் ஏது? சரி, போகாது என்றே வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் சிறுத்தையும் உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணெதிரே நொண்டி நடந்து காட்டுவதும், இந்தா பிடித்துக்கொள் என்று கழுத்தை நீட்டுவதும் ஒன்றுதானே? இப்படியே இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு நாள் துணிந்து போயும் போனாள். கீரியார் பாறை மேல் தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

அப்போதுகூட அவள் நாலு காலையும் சமமாகத்தான் ஊன்றி நின்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள்.

கீரியாரும் சரி என்று மறுபடி படுத்துவிட்டார். ஒருத்தி இவ்வளவு தூரம் சும்மா வருவாளா என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவரையும் நான் சும்மா விடமாட்டேன். ஆனால் வாய் திறக்க வேண்டியவள் திறக்கவில்லை என்பதும் உண்மை.

நாலு நாள் கழித்து ஒரு காற்று அடித்தது. கொன்றையில் மிச்சமிருந்த ஒரே சரமும் உதிர்ந்து மடுவில் மிதந்தது. கொடிச்சி அதைப் பார்த்தாள். அவள் மனம் அழுதது. ஆனால் அதற்கு அடியில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. இனி முடிவு எடுக்க வேண்டியதில்லையே! அந்த ஆறுதலை நினைத்துப் பின்னால் அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன் பிறகு தினமும் உச்சிப்பொழுதில் கல்லேற்றம்தான். பூளையும் கூடவே வருவாள். நாலு பாய்ச்சலில் மேலே போகக்கூடியவள், அக்காவுக்காக ஒவ்வொரு கல்லிலும் நின்று நின்று ஏறினாள். நீ முன்னால் போ என்று கொடிச்சி எத்தனையோ தடவை சொன்னாள். அவள் கேட்கவில்லை.

கோடையின் கடைசி வாரம். வானத்தில் மேகம்கூடக் கட்டத் தொடங்கிவிட்டது. சரிவின் பாதியில் கொடிச்சியின் கால் அடியோடு மரத்துப்போனது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே புதர் அசைந்தது. சிறுத்தை பாய்ந்தது. கொடிச்சியால் நகர முடியவில்லை. பூளை நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அக்காவுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் போய் விழுந்தாள்.

கொடிச்சி எப்படி மேலே ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று நாள் கழித்து அவள் மறுபடி நிழற்கரைக்கு வந்தாள். தாகம் யாரையும் துக்கம் கொண்டாட விடுவதில்லை. அவள் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் சிறுத்தையும் வந்து குனிந்தது. அந்த இடத்தில் அது அவளைத் தொடக் கூடாது. கொடிச்சிக்கு அன்று பயமே வரவில்லை. பயப்பட இனி என்ன இருக்கிறது?

"என் தங்கச்சியை ஏன் எடுத்தே?" என்று கேட்டாள்.

சிறுத்தை நிமிர்ந்து பார்த்தது. கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை.

"நான் உனக்காகத்தான் வந்தேன். அவ குறுக்கே விழுந்துட்டா" என்றது.

"எனக்காகவா? நான்தான் ஒரு நாளும் உன் முன்னாடி நொண்டலையே!"

"உன் கால் போன விஷயம் எனக்கு மழைக்காலத்துலயே தெரியும். உன் குளம்புத் தடத்தைச் சேத்துல பார்த்தேன். மூணு ஆழமா இருந்துச்சு. ஒண்ணு லேசா, இழுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. அன்னைக்கு நீ கீரிக்கு முன்னாடி நிமிர்ந்து நடந்தப்போ நான் கிளையில இருந்து பார்த்தேன். இவ யாரை ஏமாத்தறா, எதுக்கு ஏமாத்தறான்னு எனக்கு விளங்கவே இல்ல. முழு உரிமை கிடைச்சு நீ இங்கேயே கிடந்திருந்தா, நான் உன்னையும் தொட்டிருக்க முடியாது, அவளையும் பார்த்திருக்க மாட்டேன்."

தண்ணீர் குடித்து முடித்ததும் அது தன் வழியே போய்விட்டது.

கொடிச்சி அங்கேயே நின்றாள். சிறுத்தைக்குத் தெரிந்திருக்கிறது. மாடனுக்குத் தெரிந்திருக்கிறது. வளைக்குள் கிடந்த முயலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. காடு முழுவதும் தெரிந்திருந்த ஒன்று, தெரிய வேண்டிய அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போனது. மறைத்தது அவளேதான். கரையில் முகத்தை வைத்து அவள் வாய்விட்டு அழுதாள். மழை வந்து அவளை எழுப்பும்வரை அழுதாள்.

அடுத்த கோடையில் கீரியார் மறுபடி பாறை மேல் உட்கார்ந்தார். சிறுத்தை மறுபடி மருதக் கிளையில் படுத்திருந்தது. கொடிச்சி உச்சி வெயிலில்தான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பி, அதே நேரத்துக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க நொண்டினாள். இரண்டு இடத்தில் விழுந்தாள். விழுந்த இடத்தில் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் பாறையை எட்டுவதற்கு முன்பே கீரியார் கீழே இறங்கி வந்துவிட்டார்.

"போதும்மா, நடக்காதே. முழு உரிமை. போன வருஷமே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னைக்கு உங்ககிட்ட வந்தேன். சொல்லத்தான் வந்தேன்" என்றாள் கொடிச்சி.

கீரியார் ஒதுங்கி வழிவிட்டார். கேட்டவுடன் கிடைத்த அந்தப் பசும்புல்லில் கொடிச்சி போய்ப் படுத்தாள். பக்கத்தில் இன்னொரு கடமான் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தை அவள் மழை வரும்வரை யாருக்கும் விடவில்லை.

வலியை மறைத்தால் பகைவன் ஏமாறுவதில்லை, உதவ வந்தவன்தான் ஏமாந்து போகிறான். ஆகவே நமக்குச் சேர வேண்டியதைக் காலம் கடப்பதற்குள் கூசாமல் கேட்டுவிட வேண்டும்.