துறைப் படம்

“இந்தப் படிப்பை விட்டுடறேன் மேடம். வேதியியலுக்கே மாறிக்கிறேன்.”

முத்தரசி இதைச் சொன்னது, கல்லூரியில் துறைவாரியாகக் குழுப்படம் எடுக்கும் நாளில்.

அவள் படித்தது சுற்றுச்சூழல் நிலைத்தன்மை. எல்லாத் துறை வகுப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் போய் உட்கார வேண்டிய படிப்பு. அந்த வருடம் அதில் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

“என்ன நடந்தது?” என்றார் சலோமி மேடம். அந்தப் படிப்புக்கென்று இருந்த ஒரே ஆசிரியர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார்.

“வேதியியல் வரிசையில போய் நின்னேன். நீ எங்க ஆளு இல்லையேன்னாங்க. பொருளியல்லயும் அதையேதான் சொன்னாங்க. தாவரவியல்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னதுதான் ரொம்ப வலித்தது. பாவம், படத்துக்கென்று புதுப் புடவை வேறு கட்டி வந்திருந்தாள்.

மேடம் சன்னலைத் திறந்தார். பின்பக்கக் குளத்தின் நாற்றம் குப்பென்று அறைக்குள் வந்தது.

“மாறிக்கலாம். அதுக்கு முன்னாடி, இந்தக் குளம் யார் பொறுப்புன்னு அந்த மூணு துறையிலயும் கேட்டுட்டு வா.”

இன்றைக்கு இது ஒரு வேலையா என்று முனகிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தபோது அறையில் மேடம் இல்லை. குளக்கரையில் கைபேசியோடு நின்றிருந்தார்.

“வேதியியல்?”

“பாட்டில்ல தண்ணி கொண்டாந்தா சோதிச்சுத் தருவாங்களாம். அவ்வளவுதானாம்.”

“தாவரவியல்?”

“குளத்தை மூடியிருக்கிற ஆகாயத்தாமரையைப் பத்தி எல்லாம் தெரியுமாம். அதை வளர்க்கிற சாக்கடை அவங்க பாடத்துல வராதாம்.”

“பொருளியல்?”

“சாக்கடையைத் திருப்பிவிட என்ன செலவாகும்னு சொல்லுவாங்களாம். ஆனா குளம்...”

“குளம்?”

“எங்களுது இல்லையேன்னுட்டாங்க மேடம். மூணு இடத்துலயும்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

குளத்தைப் பார்த்தாள். மூடிக் கிடந்த பச்சைக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தெரிந்தது.

மைதானத்தில் ஏதோ ஒரு துறை படம் எடுத்து முடித்துக் கைதட்டியது.

முத்தரசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழுக்கும் படியில் இறங்கினாள்.

“இங்க நிக்கட்டுமா மேடம்?”

மேடம் கைபேசியை உயர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் குளத்துக்கிட்டப் போம்மா. ரெண்டு பேரும் தெரியணும்.”