நாற்சந்தியில் ஒரு ஜோடிப் பாதுகை

“அண்ணா, உன் மருமகளுக்கு அஞ்சு வயசாச்சு. இன்னும் காது குத்தல.”

“தெரியும் நாச்சி.”

“தெரிஞ்சு என்ன செய்ய? மடி உன்னோடதாச்சே. ஆசாரி மூணு தடவை ஊசியத் தீட்டிக்கிட்டு வந்து, மூணு தடவையும் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே மாமன் வந்து உக்காந்தப்புறம் ஆளனுப்புங்கன்னுட்டாரு.”

“ராஜாகிட்ட கேக்கறேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

வண்டிமாடுகளுக்கு அவசரம் இல்லாததும் மனிதர்களுக்கு அது நிறைய இருந்ததுமான முன்னொரு காலத்தில், ஒரு தலைநகரத்து அரண்மனை வாசலில் நடந்த பேச்சு இது. அண்ணன், அந்த நாட்டு அரசவையின் விகடகவி அழகியநம்பி. தங்கை நாச்சி, பலாக்குறிச்சியிலிருந்து வாடகை வண்டியில் வந்தவள். அதிகாலையில் கிளம்பிய வண்டி, நகரத்து நாற்சந்தியில் சிக்கி உச்சி வெயிலில்தான் அரண்மனையை அடைந்தது. திரும்பும் வண்டி உடனே கிளம்பிவிடும் என்றார்கள். அதனால் அண்ணனும் தங்கையும் பேசியது ஒரு செம்பு மோர் குடிக்கும் நேரம் மட்டுமே. அந்தப் பேச்சு நம்பியின் காதிலேயே தங்கிவிட்டது.

மன்னரிடம் விடுப்புக் கேட்க அவன் பயப்படவில்லை. மன்னர் மறுக்கவும் மாட்டார். “போய் வா” என்றுதான் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு முகம் வாடுவார். இரண்டு வேளை சாப்பிட மாட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நம்பியால் படி இறங்க முடியாது. முதல் தடவை மன்னருக்குப் பல்வலி. இரண்டாவது தடவை அவருடைய கிளி செத்துப்போனது. மூன்றாவது தடவை காரணம் எதுவும் இல்லை. நம்பிக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். “என்ன பரிசு வேண்டும், கேள்” என்று மன்னர் சொல்லும்போதெல்லாம், தொண்டை வரை வந்த விடுப்பை விழுங்கிவிட்டு, “ஒரு பூசணிக்காய், பிரபு” என்பான். சபை சிரிக்கும். அவன் வீட்டுப் பரணில் பதினோரு பூசணிக்காய்கள் இருந்தன.

இனி நாற்சந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டம் பெற்ற இரண்டு பேருடைய வண்டிகள் எதிர்ப்பட்டால், பட்டத்தில் சிறியவர் பெரியவருக்கு வழிவிட வேண்டும். யார் பெரியவர் என்று அறிய இருவருடைய கட்டியக்காரர்களும் தத்தம் எசமானரின் விருதுகளை உரக்க ஓதுவார்கள். ஓதத் தொடங்கியதை இடையில் நிறுத்தக் கூடாது என்று மன்னரின் பாட்டனார் செப்பேட்டிலேயே பொறித்து வைத்துவிட்டார். நான்கு பக்கமும் நான்கு பிரபுக்கள் வந்து சேர்ந்தால், மாடுகள் அசைபோட்டு முடித்துப் படுத்துவிடும். பட்டமே இல்லாத வாடகை வண்டிகள் எல்லோருக்கும் பின்னால் காத்துக் கிடக்கும்.

ஒரு சனிக்கிழமை மன்னர் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் புறப்பட்டார். நாற்சந்தியில் இரண்டு பிரபுக்களின் விருதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. மன்னரே ஆனாலும் பாட்டனாரின் செப்பேட்டை மீற முடியுமா? பல்லக்கு வெயிலில் நின்றது. எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது. முன்னால் நின்ற வைக்கோல் வண்டியின் மாடு, பல்லக்கில் தொங்கிய பூமாலையைத் தின்று முடித்தது. ஆற்றை அடைந்தபோது மன்னரின் தலை அப்பளம் பொரிக்கும் பதத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் ஆணை பிறந்தது: இனி நாற்சந்தியில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது.

காவலர்கள் வண்டிகளை விரட்டினார்கள். ஏற வேண்டியவர்கள் ஓடிக்கொண்டே ஏறினார்கள். ஒரு குயவர் அவசரத்தில் தப்பான வண்டியில் தாவி, பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கினார். ஜனங்கள் திரண்டு வந்து முறையிட்டார்கள். மனம் இளகிய மன்னர் இரண்டாவது ஆணையிட்டார்: ஜனங்கள் ஏறி இறங்க, எல்லா வண்டியும் நாற்சந்தியில் நிற்க வேண்டும்.

வீதி அதிகாரி மார்த்தாண்டனார் தயங்கித் தயங்கி, முதல் ஆணையா, இரண்டாவது ஆணையா என்று கேட்டார்.

“இரண்டும்தான்” என்றார் மன்னர். “அரசன் வாக்கைத் திரும்பப் பெறுவதில்லை.”

மார்த்தாண்டனார் முப்பத்திரண்டு விருதுகள் கொண்டவர். மன்னர் தம்மிடம் பேசுவதைவிட ஒரு விகடகவியிடம் அதிக நேரம் பேசுகிறார் என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். இப்போது நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. இத்தகைய அரிய காரியத்துக்கு அழகியநம்பியின் அறிவே பொருத்தம் என்று பணிவாக எடுத்துச் சொன்னார். சில நிபந்தனைகளையும் மெல்லச் சேர்த்தார்: செப்பேட்டில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது, பெரிய பட்டத்தார் யாரும் சிறியவருக்கு வழிவிடக் கூடாது, ஒரு வீட்டுச் சுவரையும் இடிக்கக் கூடாது. அரை மாதத்தில் முடியாவிட்டால், நம்பி ஆயுள் முழுவதும் நாற்சந்தியிலேயே நின்று கொடியசைத்து வண்டிகளை அனுப்ப வேண்டும். ஒரு நாளும் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது.

மன்னர் விளையாட்டாக ஒப்புக்கொண்டார். சபை சிரித்தது. நம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆயுள் முழுவதும் நாற்சந்தி என்றால், மருமகள் மூளிக் காதோடுதான் மணமேடை ஏற வேண்டும்.

மூன்று நாள் நாற்சந்தியில் உட்கார்ந்து வண்டிகளையே பார்த்தான். நான்காம் நாள் அரண்மனைக்கு வந்து இரண்டு பொருள்களைக் கேட்டான். ஒன்று, சந்தியின் கீழ்ப்புறம் காலியாகக் கிடக்கும் பழைய யானைக் கொட்டில். யானைகளைப் போன வருடமே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்னொன்று, மன்னரின் பழைய பாதுகைகள் ஒரு ஜோடி.

“பாதுகை எதற்கு?” என்றார் மன்னர்.

“நாற்சந்தியைத் தாங்கள்தான் சரிசெய்ய வேண்டும், பிரபு. தங்களை வெயிலில் நிறுத்த எனக்கு மனமில்லை.”

பதினைந்தாம் நாள் மன்னர் பார்வையிட வந்தார். பழைய சங்கீத மண்டபத்து மாடியில் அவருக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். கீழே நாற்சந்தியின் நட்டநடுவில் வட்டமான கல்மேடை ஒன்று எழுந்திருந்தது. மேடைமேல் வெண்குடை, குடையின் நிழலில் பட்டுத் துணி, பட்டின்மேல் மன்னரின் பாதுகைகள்.

நம்பி ஓர் ஓலையைப் பிரித்து வாசித்தான். போன வருடம் மன்னர் வேட்டைக்குப் போனபோது, அவருடைய பாதுகைகளை அரியணையில் வைத்து, மார்த்தாண்டனார் பக்தியோடு எழுதி முத்திரை பெற்ற விதிகள் அவை. மன்னரின் பாதுகை இருக்கும் இடத்தில் மன்னரே இருக்கிறார். அங்கே வேறு எவருடைய விருதும் ஓதக் கூடாது. எவரும் அதை வலமாகவே கடக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள் அதற்கு முதுகு காட்டக் கூடாது.

நான்கு திசையிலிருந்தும் வண்டிகள் வந்தன. கட்டியக்காரர்கள் வாய் திறந்தார்கள். பாதுகையைக் கண்டு மூடிக்கொண்டார்கள். எல்லா வண்டிகளும் மேடையை வலமாகச் சுற்றி, அவரவர் வீதிக்குள் பிரிந்து போயின. யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. எல்லோரும் மன்னரை வலம் வந்தார்கள். பிரபுக்கள் வெளியேறும்போது வண்டிக்குள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாதுகையைப் பார்த்துக் கும்பிட்டபடியே போனார்கள். நாற்சந்தியில் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

“ஜனங்கள் ஏறுவது எங்கே?” என்று மன்னர் கேட்டார்.

நம்பி கொட்டிலைக் காட்டினான். வட்டத்திலிருந்து விலகிய வாடகை வண்டிகள் அதற்குள் நுழைந்தன. ஒரு யானையைக் கட்டிய தறியின் இடத்தில் ஒரு வண்டி தாராளமாக நின்றது. தறிக்கு ஓர் ஊர். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு தறியின் மேலும் ஒரு படம்: கொக்கனேரிக்குக் கொக்கு, உப்பூருக்கு உப்புக்குவியல், பலாக்குறிச்சிக்குப் பலாப்பழம். மாமனாரோடு பேசாத குயவர் கொக்கை இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு நிதானமாக ஏறினார்.

அப்போதுதான் மேற்கு வீதியிலிருந்து மார்த்தாண்டனாரின் சாரட்டு வந்தது. வட்டப் பாதையில் வண்டியை நிறுத்தி முப்பத்திரண்டு விருதுகளையும் ஓதச் செய்து எல்லாவற்றையும் குலைப்பது அவர் திட்டம். தாம் எழுதிய விதிகள் எங்கே பயன்பட்டிருக்கின்றன என்பது பாதுகையைக் கண்டபிறகுதான் அவருக்குப் புரிந்தது. கட்டியக்காரனின் வாயைத் தாமே பொத்தினார். வலமாகச் சுற்றினார். வெளியேற வேண்டிய வீதி வந்தது. திரும்பி உட்கார முயன்றார். தம் பெருமை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ஆள் உயரத்துக்குத் தோகை விரித்த மரமயிலை ஆசனத்தின் முதுகில் பொருத்தியிருந்தார். திரும்பினால் மூக்கு மயிலில் இடித்தது. மயிலைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. திரும்பாவிட்டால் பாதுகைக்கு முதுகு. வேறு வழியில்லாமல் இன்னொரு சுற்று போனார்.

மூன்றாவது சுற்றில் ஜனங்கள் கவனித்தார்கள். ஐந்தாவது சுற்றில் எண்ணத் தொடங்கினார்கள். ஏழாவது சுற்றில், பூ விற்கும் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “என்ன வேண்டுதலோ பாவம், விடாம சுத்துறாரு” என்றாள். ஒன்பதாவது சுற்றில் அவர் மாடியை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார்.

“பிரபு, இந்த விதியைத் தாங்கள் கருணையோடு…”

“எழுதியவர் தாங்கள்தானே, மார்த்தாண்டனாரே” என்றார் மன்னர். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வர, தச்சனை அனுப்பி மயிலை அறுத்தெடுக்கச் சொன்னார். ஓடும் சாரட்டில் தொங்கிக்கொண்டே தச்சன் அறுத்து முடிக்கப் பதினான்கு சுற்று ஆயிற்று.

சிரிப்பு ஓய்ந்ததும் மன்னர் நம்பியைப் பக்கத்தில் அழைத்தார்.

“கேள், நம்பி. இந்த முறை பூசணிக்காய் கிடையாது. கேட்பதற்கு முன்பே கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்.”

நம்பி வழக்கம்போல வாயைத் திறந்தான். சுரைக்காய் என்று சொல்லத்தான் நாக்கு தயாராக இருந்தது. அந்த நேரத்தில் கீழே, பலாப்பழப் படத்துக்கு அடியில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிகாலையில் கிளம்பிய வண்டி. வெயில் இன்னும் ஏறவில்லை. நாச்சி இறங்கினாள். இடுப்பில் இருந்த பெண் குழந்தையை இறக்கிவிட்டு, மாடியில் அண்ணனைக் கண்டு, குழந்தையின் தலைமுடியை இரண்டு காதுகளுக்கும் பின்னால் ஒதுக்கிவிட்டாள். இரண்டு காதுகளும் வெறுமையாகத் தெரிந்தன.

“சொல்” என்றார் மன்னர். நம்பி பார்க்கும் திசையில் அவரும் பார்த்தார்.

நம்பி மன்னரின் முகத்தைப் பார்த்தான். அது வாடினாலும் இன்று பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சபையில் கதை சொல்லும் குரல் வரவில்லை. சொந்தக் குரல்தான் வந்தது.

“எனக்குப் பத்து நாள் விடுப்பு வேண்டும், பிரபு. அதோ நிற்கிறாளே, அவள் என் மருமகள். அவளுக்குக் காது குத்த வேண்டும். உட்கார்வதற்கு என் மடிதான் இன்னும் போய்ச் சேரவில்லை.”