மூன்று பச்சை விளக்கும் அடிக்காத மணியும்

சருகுமான் புள்ளிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. புள்ளி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. "மணி அடிக்குமா? சமயத்துக்கு அடிக்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. மழைக்காலத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் பொங்கும். காவலர்கள் எப்போதோ விட்டுப்போன ஒரு முகாமில் சூரியத் தகடுகளும் பழைய கம்ப்யூட்டர்களும் கிடந்தன. அவற்றை வைத்து விலங்குகள் 'கரைக்காவல்' என்ற இணையதளத்தை உருவாக்கின. தண்ணீர் ஏறினால் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் சின்ன மணி அடிக்க வேண்டும். கேட்டவுடன் எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும்.

முதலில் எல்லா வேலையையும் ஒரே பெரிய கம்ப்யூட்டர் நிரலாக எழுதியிருந்தன. ஒரு மூலையில் கோளாறு வந்தால் மொத்தமும் படுத்துவிடும். அதனால் இந்த வருஷம் அதை மூன்று சின்னச் சேவைகளாகப் பிரித்தன.

தண்ணீரை அளந்து சொல்லும் சேவையை ஆமை கல்லன் எழுதியது. அந்த அளவைப் பார்த்து, இது ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்யும் சேவையைக் கருமந்தி நெடுவாலன் எழுதியது. முடிவு வந்தவுடன் மணிகளை அடிக்கும் சேவையை மலை அணில் செம்பி எழுதியது. மூன்றும் தனித்தனியாக ஓடும். ஒன்று சொல்வதை அடுத்தது கேட்டு நடக்கும்.

சோதித்துப் பார்ப்பது புள்ளியின் வேலை. நெடுவாலன்தான் எல்லோருக்கும் தலைவர்.

ஒவ்வொரு சோதனைக்கும் காடு முழுக்க மணி அடித்தால் யார் பொறுப்பார்கள்? அதற்காகச் செம்பி ஒரு போலி மணியைச் செய்து கொடுத்திருந்தது. அது சத்தமே போடாது. அடிக்கச் சொன்னால், "அடித்தாயிற்று!" என்று பதில் மட்டும் சொல்லும். போலி மணியா, உண்மை மணியா என்பதை சேவைக்கான கட்டளைகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி தீர்மானிக்கும்.

மூன்று சேவைகளும் சோதனையில் தேறின. திரையில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன.

"நாளைக்கே திறந்து விட்டுடலாம்!" என்றது நெடுவாலன்.

புள்ளி தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? மூணையும் சேர்த்து, உண்மை மணியை வச்சு ஒரே ஒரு தடவை பார்த்துடலாமா?"

"எதுக்கு? பச்சை எரியுதே, தெரியலையா?"

"தனித்தனியாத்தானே அண்ணே பார்த்தோம்?"

"தனித்தனியா சரியா இருந்தா சேர்ந்தா மட்டும் கெட்டுப்போயிடுமா? சருகு அசைஞ்சாலே பயந்து ஓடுற ஜாதி நீ! உன் பயத்துக்காகக் காட்டையே கலவரப்படுத்தச் சொல்றியா?"

நெடுவாலன் சிரித்தது; கல்லனும் செம்பியும் சேர்ந்துகொண்டன. புள்ளிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. 'நிஜமாகவே நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ?' என்று நினைத்தது. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கரைக்காவல் திறக்கப்பட்டது. நெடுவாலன் கிளைக்குக் கிளை தாவிப் போய் அறிவித்தது. "இனிமே யாரும் ஆத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்! மணி அடிச்சா ஓடுங்க! அடிக்கலைன்னா நிம்மதியா இருங்க!"

ஐந்தாம் நாள், உச்சிப் பொழுதில் மழை பிடித்துக்கொண்டது.

முகாமில் நான்கும் திரையைச் சுற்றி நின்றன. ஆற்றின் அளவு ஏறியது. இன்னும் ஏறியது. கல்லனின் சேவை அளவைச் சொன்னது. நெடுவாலனின் சேவை 'ஆபத்து' என்றது. செம்பியின் சேவை பதில் எழுதியது: இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் மணி அடித்தாயிற்று.

"பார்த்தீங்களா!" என்று குதித்தது நெடுவாலன். "அம்புட்டு வீட்டுக்கும் போயிடுச்சு!"

புள்ளி குதிக்கவில்லை. அது காதை விறைத்துக்கொண்டு நின்றது. மழைச் சத்தம் கேட்டது. ஆற்றின் இரைச்சல் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே… எனக்கு ஒரு மணிகூடக் கேக்கலையே!"

"மழை இரைச்சல்ல எப்படிக் கேக்கும்?"

"இந்த முகாம் வாசல்லேயே ஒரு மணி தொங்குதே அண்ணே! அதுவும் அடிக்கலையே!"

நான்கும் வாசலைப் பார்த்தன. மணி மழையில் நனைந்தபடி சும்மா தொங்கியது.

செம்பி பாய்ந்து போய் அமைப்புக் கோப்பைத் திறந்தது. அதன் வால் விறைத்து நின்றது. "ஐயையோ! போலி மணின்னே இருக்கு! யாரும் மாத்தவே இல்ல!"

சோதனைக்காக அந்த வரியை எழுதியது புள்ளிதான். மாற்ற வேண்டியதை எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

செம்பி அவசரமாக வரியை மாற்றிச் சேவையை மறுபடி ஓடவிட்டது. பச்சை விளக்கு அணைந்தது. சிவப்பு எரிந்தது.

"உண்மை மணியோட முகவரி தப்புன்னு சொல்லுது! போன மாசம் சரியா இருந்துச்சே!"

"அது…" என்று இழுத்தது நெடுவாலன். "மணிங்களை வேற கம்ப்யூட்டருக்கு மாத்தி வச்சேன். சொல்ல மறந்துட்டேன்."

"எந்தக் கம்ப்யூட்டர்? முகவரி என்ன?"

"எழுதி வச்சேன்… எங்க எழுதினேன்…"

புள்ளி அதற்கு மேல் நிற்கவில்லை. "நீங்க தேடுங்க! நான் கோரைப் பள்ளத்துக்குப் போறேன்!"

கோரைப் பள்ளம் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த இடம். முதலில் மூழ்குவது அதுதான். சருகு அசைந்தால் ஓடும் புள்ளி, ஆறு இரையும் திசையைப் பார்த்து ஓடியது. கால் சறுக்கியது. முள் கிழித்தது. ஒவ்வொரு புதரையும் தாண்டும்போது, 'பிந்திவிட்டேனோ, பிந்திவிட்டேனோ' என்று மனசு அடித்துக்கொண்டது.

பள்ளத்தில் முயல் பூவாத்தா தன் நான்கு குட்டிகளையும் அணைத்துக்கொண்டு கோரைப் புல்லுக்குள் படுத்திருந்தது. தண்ணீர் அதன் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா! எந்திரிங்க! கிளம்புங்க!"

"ஏம்மா, மணி அடிக்கலையே?" என்றது பூவாத்தா. "மணி அடிச்சாத்தான ஓடணும்னு சொன்னாங்க? தண்ணி வர்றது தெரிஞ்சுது. ஆனா மணி அடிக்கலையேன்னு படுத்திருந்தேன்."

"மணி கெட்டுப்போச்சு அக்கா! குட்டியைத் தூக்குங்க!"

பூவாத்தா ஒன்றைக் கவ்வியது. புள்ளி ஒன்றைக் கவ்வியது. மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பூவாத்தா மூன்றாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான்காவதைக் காணவில்லை!

"எங்க இருக்கே? கத்து!" என்று கூவியது புள்ளி.

கொஞ்ச தூரத்தில் ஒரு கோரைக் கட்டு மிதந்து போனது. அதன்மேல் ஈரப் பஞ்சுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. புள்ளி கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது. இரண்டு தடவை முங்கியது. மூன்றாம் தடவை எட்டிப் பிடித்தது.

அது கரையேறிய பிறகுதான் காடு முழுக்க மணிகள் அடித்தன. செம்பி முகவரியைக் கண்டுபிடித்துவிட்டது. புதர் புதராக விலங்குகள் எழுந்து மேட்டுக்கு ஓடின.

யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் பதினேழு வீடுகள் ஆற்றோடு போயின. பூவாத்தாவின் கடைசிக் குட்டி மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் புள்ளி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பால் கேட்டது.

நெடுவாலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பூவாத்தாவிடம் வந்தது. "தப்பு என் மேலதான் ஆத்தா. இவ கேட்டா. நான்தான் சிரிச்சுட்டேன்."

"என் மேலயும் இருக்கு," என்றது புள்ளி. "நீங்க சிரிச்சதும் நான் பேசாம இருந்துட்டேன்."

பூவாத்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "உங்க பச்சை விளக்கு எனக்குத் தெரியாது. அடுத்த தடவை சோதனை பண்ணும்போது என்னைக் கூப்பிடுங்க. என் வீட்டுல மணி கேட்டுச்சா இல்லையான்னு நான் சொல்றேன். அதுக்கப்புறம் விளக்கைப் போட்டுக்கங்க!"

நெடுவாலன் முகாமுக்குப் போய், திரையில் எரிந்துகொண்டிருந்த மூன்று பச்சை விளக்குகளையும் தன் கையாலேயே அணைத்தது.

பிறர் உயிர் நம்பியிருக்கும் வேலையில், பாகம் பாகமாகச் சரி பார்த்தது போதும் என்று இருந்துவிடாமல், மனதில் எழும் சந்தேகத்தை வெட்கப்படாமல் சொல்லி, முழுவதையும் கடைசிவரை சோதித்த பிறகே அதைச் சரி என்று சொல்ல வேண்டும்.