அழைப்புக்கு ஒரு வால்

"அந்த ரெண்டு பேரையும் மடத்தை விட்டு அனுப்பிடணும், தாயே."

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இதைத்தான் சொன்னார். உட்காரக்கூட இல்லை.

நாச்சியம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த ரெண்டு பேரு, ஐயா?"

"நம்ம சமையல்கட்டுக் கதிரேசனும் இளம்பரிதியும்."

"ஏன், சாம்பார்ல உப்புக் கூடிப்போச்சா?"

"விளையாடாதீங்க தாயே. அவங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்கன்னு நினைச்சோம். அப்படி இல்லையாம். வீட்டுல மாலை மாத்திக்கிட்டு ஒண்ணா வாழறாங்களாம். டீக்கடையில ஒருத்தன் போன்ல படம் காட்டுறான். சுத்தி நின்னு சிரிக்கிறாங்க."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

மாசிலாமணியும் சிரித்திருந்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுவதற்காக ஏற்பட்ட மடம் அது. நாச்சியம்மைதான் அதன் தலைவி. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு வீட்டுச் சுவர்களோடு பேசிக்கொண்டிருக்க முடியாமல் இங்கே வந்து சீடராகச் சேர்ந்தவர். தன்னைவிட இளையவரைத் தாயே என்று கூப்பிட ஆரம்பத்தில் நாக்குக் கூசியது. பிறகு பழகிவிட்டது.

"கோர்ட்டே குத்தமில்லைன்னு சொல்லிடுச்சாமே, ஐயா."

"கோர்ட்டு சொல்லும். கோர்ட்டா வந்து நம்ம பந்தியில உட்காரப் போகுது? சாஸ்திரம் ஒத்துக்கணுமே."

"எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"ஏதாவது ஒண்ணுல இருக்கும்."

"தேடிப் பார்த்தீங்களா?"

"இதைப் போய் எவனாவது தேடுவானா தாயே!"

நாச்சியம்மை ஒரு காயைப் பிளந்து பார்த்தார். உள்ளே புழு இல்லை. பாத்திரத்தில் போட்டார்.

மாசிலாமணி அவசரப்பட்டார். அதற்குக் காரணம் கதிரேசனும் இல்லை, இளம்பரிதியும் இல்லை.

அவருக்கு ஒரே மகன். செந்தூரன். மடத்தில் யார் கேட்டாலும் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். மகன் இருந்தது கோயம்புத்தூரில். இன்னொரு பையனோடு, நாலு வருஷமாக. அடுத்த வாரம் அவன் அம்மாவுக்கு முதல் திதி. நேற்றுக் காலை போன் பண்ணியிருந்தான்.

"அம்மா திதிக்கு நாங்க வரட்டுமாப்பா?"

"நாங்கன்னா?"

"நானும் அவனும்."

"நீ மட்டும் வா."

மகன் சண்டை போடுவான் என்று காத்திருந்தார். போடவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வரமாட்டான் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துபோயிற்று.

அந்தச் சூட்டோடுதான் டீக்கடைக்குப் போனார். போனில் படத்தைப் பார்த்தார். ஊரார் கண் நாளைக்குத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தார். முந்திக்கொண்டு சத்தம் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

நேற்று மத்தியானத்திலிருந்து அந்த இருவர் பரிமாறிய சோற்றையும் அவர் தொடவில்லை. வாழைப்பழத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, ஐயா" என்றார் நாச்சியம்மை. "அனுப்பிடலாம்."

மாசிலாமணி நிமிர்ந்தார். இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா மடத்துக்குள்ள வேண்டாம்னு ஆயிட்டா வாசலிலேயே சொல்லிடணும் இல்லையா? தெரியாம இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்துட்டா பாவம். இன்னிக்கு நீங்க போய்க் கூப்பிடுங்க. கூப்பிடும்போதே சேர்த்துச் சொல்லிடுங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் மத்தியானம் இலை போட்டதும் ஒருவர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து மூன்று தடவை கூப்பிட வேண்டும். "பசிச்சவங்க யாரும் வரலாம்! இலை போட்டாச்சு!" மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே சோறு விழும். வருகிறவர்களிடம் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்க வேண்டும். பேர், ஊர், மற்றது எல்லாம் கை கழுவின பிறகு.

"அதை எப்படித் தாயே வாசல்ல நின்னு சொல்றது?"

"முன்னே சொன்னாங்களே, ஐயா. அந்தக் காலத்துல இந்த அழைப்புக்கு ஒரு வால் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். பசிச்சவங்க யாரும் வரலாம், தெற்குத் தெருக்காரங்க மட்டும் வெளியே நில்லுங்க. மாசிலாமணியின் தாத்தா தெற்குத் தெரு. வெளியே நின்று இரண்டு கையிலும் சோற்றை வாங்கிச் சாப்பிட்டவர். சூடு தாங்காமல் கையை மாற்றக்கூட மூன்றாவது கை கிடையாது. அந்தக் கதையை இதே கூடத்தில் கண் கலங்கச் சொன்னவர் மாசிலாமணிதான். அந்த வாலை யாரோ ஒரு புண்ணியவான் வெட்டியெறிந்த பிறகுதான் அவர் குடும்பம் பந்தியில் உட்கார்ந்தது.

"அது வேற, இது வேற, தாயே."

"ஆமா. அதனால வேற வாலாப் போடுங்க."

நாச்சியம்மை மறுபடி நார் உரிக்கத் தொடங்கினார். மாசிலாமணிக்கு முகம் சுட்டது. ஆனாலும் கிளம்பினார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்லிவிட்டால் பிறகு எண்ணிக் காட்டித்தானே ஆக வேண்டும்.

போகிற வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டு போனார்.

இதுவரை அவர் இந்த விஷயத்துக்கு வார்த்தை வைத்துக்கொண்டதே இல்லை. அந்த மாதிரி ஆளுங்க என்பார். அதையும் குரலைத் தாழ்த்தி, கையை ஒரு மாதிரி ஆட்டிச் சொல்வார். கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு சிரிப்பார்கள். வாசலில் நின்று கையை ஆட்ட முடியுமா? டீக்கடை வார்த்தைகள் சிலது நினைவு வந்தன. மடத்து வாசலில் அவற்றைச் சொன்னால் வாயைக் கழுவ வேண்டும்.

வாசலில் கூட்டம் இருந்தது. பச்சை வேட்டி கட்டி நடந்து வந்தவர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண். எதிரே புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு வந்த ஒரு வாலிபன்.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பசிச்சவங்க யாரும் வரலாம்! இலை போட்டாச்சு!"

முதல் தடவை வால் வரவில்லை. கைக்குழந்தைக்காரி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

தாயிடம் வாய்கிழியப் பேசிவிட்டு இங்கே வந்து ஊமையாக நிற்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பசிச்சவங்க யாரும் வரலாம்! இலை போட்டாச்சு! ஆம்பளையோட ஆம்பளை வாழறவங்க மட்டும் வர வேண்டாம்!"

உள்ளே சாம்பார் வாளியில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுபோயிற்று.

மாசிலாமணி கண்ணைத் திறந்தார்.

பையோடு வந்த வாலிபன் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்திருந்தான். அந்தக் காலைப் பின்னால் எடுத்தான். திரும்பிப் புளியமரத்தை நோக்கி நடந்தான்.

சண்டை போடவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. சரி என்பதுபோலப் போனான்.

அந்த முதுகைப் பார்த்ததும் மாசிலாமணிக்கு என்னவோ ஆகிவிட்டது. போனை வைத்த பிறகு செந்தூரன் எந்தப் பக்கம் திரும்பி நடந்திருப்பான் என்று நேற்றிலிருந்து அவர் நினைத்துப் பார்க்காமலே இருந்தார். இப்போது கண் முன்னால் நடந்தது. பசியோடு வந்தவனைப் படியேறின காலோடு திருப்பி அனுப்பிவிட்டோம் என்று தோன்றியது.

ஓடினார். அறுபது வயசுக்கு மேல், வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில்.

"நில்லுப்பா! போயிடாதே!"

வாலிபன் பைக்கிடம் குனிந்துகொண்டிருந்தான். மாசிலாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாமச் சொல்லிட்டேன்ப்பா. அறிவில்லாமச் சொல்லிட்டேன். வா. அவனையும் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேருக்கும் சேர்த்து இலை போடச் சொல்றேன். உங்கம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்ல விட்டிருப்பாளா? ரெண்டு பேரும் வாங்க."

வாலிபன் காதில் இருந்ததை எடுத்தான்.

"என்ன சார் சொன்னீங்க? பாட்டுல கேக்கல."

மாசிலாமணி விழித்தார்.

"ஷூவோட உள்ளே வரக் கூடாதுன்னு போர்டு பார்த்தேன். அதான் வண்டியில கழட்டி வச்சிட்டு வரலாம்னு வந்தேன். யாரைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க? நான் ஒருத்தன்தானே வந்தேன்."

ஒரு கால் ஷூ அவன் கையில் இருந்தது. இன்னொன்று காலில்.

மாசிலாமணி அவன் கையை விட்டார். என்ன சொன்னோம், யாருக்குச் சொன்னோம் என்று மெல்லப் புரிந்தது. யாரோ ஒரு வழிப்போக்கனுக்குச் சொல்ல முடிந்ததைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்ல நாலு வருஷமாக முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், கால் சுடலையா? தார்ல நிக்கிறீங்க" என்றான் அவன்.

அப்போதுதான் சுட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தான். தோளில் துண்டு, கையில் ஒரு சொம்பு. கொஞ்ச நேரத்துக்கு முன் வாசலில் கத்தியதை அவன் கேட்டிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. கண் சிவந்திருந்தது.

"நேத்திலேருந்து நீங்க சாப்பிடலைன்னு பரிதி சொன்னான், ஐயா. தண்ணியாவது குடிங்க."

மாசிலாமணியால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று.

"கதிரேசா, நான்..."

"பந்தி காத்திருக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

கூடத்திலிருந்து நாச்சியம்மை வந்தார். முந்தானையில் அவரைக்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே தார் ரோட்டைப் பார்த்தார். மாசிலாமணியின் காலைப் பார்த்தார். ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை.

"மூணாவது தடவை இன்னும் கூப்பிடலையே, ஐயா. எல்லாரும் இலை முன்னாடி உட்கார்ந்திருக்காங்க."

"என் பையன் சிங்கப்பூர்ல இல்லை, தாயே."

"அப்படியா."

"கோயம்புத்தூர்ல இருக்கான். இன்னொரு பையனோட."

நாச்சியம்மை வாசலைக் கையால் காட்டினார்.

மாசிலாமணி படியில் போய் நின்றார். தெருவைப் பார்த்தார்.

"பசிச்சவங்க யாரும் வரலாம்!"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகனின் எண்ணை அழுத்தினார். உள்ளே அத்தனை பேரும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ."

மகனுடைய குரல் இல்லை.

"செந்தூர் கடைக்குப் போயிருக்கான். போனை வச்சிட்டுப் போயிட்டான். அப்பான்னு வந்துச்சு, அதான் எடுத்தேன்... நான் வந்து..."

அந்தக் குரல் அதற்கு மேல் போகவில்லை. தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது, அதை இவரிடம் சொல்லலாமா என்று அதற்குத் தெரியவில்லை.

நாலு வருஷம். இவன் பேர் என்ன என்று மாசிலாமணி ஒருநாளும் மகனிடம் கேட்டதில்லை.

இப்போது கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டார். பேர் கேட்பதெல்லாம் கை கழுவின பிறகுதான்.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.