வடகரையில் எல்லோரும் கரையேறினார்கள்

காட்டாற்றின் தென்கரையில், ஒரு மருதமரத்து வேருக்கடியில், நீலாயி என்கிற நீர்நாய் குடியிருந்தாள். கூட அவள் புருஷன் மாசாணம். ஒரே குட்டி, சுழியன்.

நல்ல வளை. முன்வாசல் தண்ணீருக்குள், பின்வாசல் மேட்டில். வீட்டைவிட்டு வெளியே போகாமலே நண்டு தானாக வந்து விழும். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். சுழியனுக்கு நீந்தத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். எந்த நீர்நாய்க் குட்டியும் பிறந்தவுடன் நீந்தாது. யாராவது பிடித்துத் தள்ளிப் பழக்கினால்தான் உண்டு. நீலாயியும் பழக்கிப் பார்த்தாள். சுழியன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினான். மாசாணம் பழக்கிப் பார்த்தான். அவன் முதுகில் ஏறிய சுழியன் அப்படியே தூங்கிப்போனான்.

ஆடி பிறந்தால் புதுவெள்ளம் வரும். போன ஆடியில் பக்கத்து வளைக் குட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நீலாயி கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"நம்மகிட்ட படிய மாட்டான். பள்ளிக்கூடத்துல போட்டாத்தான் படிவான்" என்றாள்.

ஆற்றில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. வடகரையில் ஒன்று, தென்கரையில் ஒன்று. எந்தக் கரையில் வளையோ அந்தக் கரையில்தான் பள்ளி. இது அந்த ஆற்றின் சட்டம். யாருக்காகவும் மாறாது.

வடகரைப் பள்ளிக்குப் பெரிய பேர். தலைமையாசிரியர் ஒரு மயில். வெள்ளை மணல்மேட்டில் பிள்ளைகள் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிற்கும். தினமும் காலையில் கிளிகள் ஆறு முழுக்கப் பறந்து கத்தும்:

"வடகரைப் பள்ளி! நூற்றுக்கு நூறு! படித்தவர் எல்லோரும் கரையேறினார்கள்!"

தென்கரைப் பள்ளிக்குக் கட்டாந்தரைகூடக் கிடையாது. ஒரு பழைய மடு. அதன்மேல் சாய்ந்த ஒரு கிளை. கிளையில் நீர்க்காகம் டீச்சர். எப்போது பார்த்தாலும் சொட்டச் சொட்ட நனைந்து, சிறகை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பாடம் நடத்தச் சொன்னா துணி காயப்போடுது!" என்று ஊர் கேலி பேசும். அதோடு விடுமா? "அந்தப் பள்ளியில சேர்ந்தவன் மூழ்கித்தான் போவான்" என்றும் சொல்லும்.

நீலாயி இரண்டையும் காதில் வாங்கினாள். நீர்நாய் மூளை நீர்நாய் மாதிரிதானே யோசிக்கும்?

"இந்தா பாருங்க" என்றாள் மாசாணத்திடம். "கரையேறணும்னா முதல்ல தண்ணியில நீந்தணும்ல? நூத்துக்கு நூறு பேர் கரையேறுறாங்கன்னா நூத்துக்கு நூறு பேரும் நீந்துறாங்க! இங்க என்னடான்னா மூழ்கிப்போறாங்களாம். எம்புள்ளைய மூழ்கவா அனுப்புவேன்?"

"சும்மா ரெண்டு நாள் இங்கயே விட்டுப் பார்ப்போமே" என்றான் மாசாணம். "பக்கத்துலதானே இருக்கு."

"பக்கத்துல இருக்குன்னு பள்ளிக்கூடம் பார்ப்பாங்களா? நீங்க பேசாம இருங்க."

மாசாணம் பேசாமல் இருந்தான். பேசாமல் இருப்பவன் சும்மாவும் இருப்பான் என்று நீலாயி நினைத்துக்கொண்டாள். அது தப்பு. ஆனால் அது பிறகு.

வளைத் தரகு பார்க்கும் சம்பு நரி மறுநாளே வந்துவிட்டது. இந்த மாதிரிப் பேச்சு நரிக்கு எப்படித்தான் எட்டுமோ!

"அக்கா! வடகரையில ஒரு வளை இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்புல. மணி அடிச்சா உங்க வீட்டுல கேக்கும்! உங்க வளைய எனக்கு விடுங்க, அதை நீங்க எடுத்துக்கங்க."

"எங்க வளை உனக்கு எதுக்கு?"

"ஒரு ஆசைதான்" என்றது நரி. அதன் கண் நண்டு விழும் பக்கமே போய்ப் போய் வந்தது. "சீக்கிரம் முடிவு பண்ணுங்க. ஆடி பிறந்துட்டா யாரும் வளை மாற மாட்டாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அது உண்மை. ஆடியில் வீடு மாறுவது ஆகாது என்று அந்த ஆற்றில் எறும்புகூட மாறாது. ஆடி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வாலோடு வாலைத் தட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் அழுதாலும் புரண்டாலும் வளை திரும்பி வராது.

"ஆனி கடைசி நாள் வந்து வளையைப் பார்க்கிறேன். பிடிச்சிருந்தா அங்கயே வால் தட்டிரலாம்" என்றாள் நீலாயி.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மாசாணம் தினமும் சுழியனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "காத்தாட நடந்துட்டு வர்றோம்" என்பான். ஒருநாள் சுழியனின் காதெல்லாம் ஈரம்.

"என்ன இது?"

"மழையில நனைஞ்சிட்டான்."

மழையே பெய்யவில்லை. நீலாயி அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆனி கடைசி நாள் வந்தது. மேற்கே மலையில் மேகம் கறுத்துக் கிடந்தது. நீலாயி ஆற்றை நீந்திக் கடந்து வடகரை ஏறினாள். நரி காத்துக்கொண்டு நின்றது.

வளை மேட்டு நிலத்தில் இருந்தது. உள்ளே புழுதி. மூலையில் முயல் புழுக்கை காய்ந்து கிடந்தது.

"தண்ணி எங்கே?" என்றாள்.

"தண்ணியா? அது என்ன, நடந்தா வந்துடும்! பள்ளிக்கூடத்தைப் பாருங்கக்கா, கைக்கெட்டுற தூரம்!"

நீலாயிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பிள்ளைக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வால் தட்டும் முன் ஆற்றோரம் ஒருதரம் போய்வரலாம் என்று நடந்தாள்.

கரையை ஒட்டி ஒரு பாறை. அதன்மேல் ஒரு நீர்நாய்ப் பையன் உட்கார்ந்திருந்தான். நல்ல வாட்டசாட்டம். முதுகு நேர்க்கோடு. ரோமம் பளபளவென்று காய்ந்திருந்தது.

"தம்பி, நீ வடகரைப் பள்ளியா?"

"ஆமா அத்தை! பேரு ராசப்பன். போன வருஷம் முதல் மாணவன்!"

நீலாயிக்கு வாயெல்லாம் பல். "எம்புள்ளையும் இங்கதான் சேரப்போறான். எங்க, ஒரு முங்கு போட்டு மீன் ஒண்ணு பிடிச்சுக் காட்டு பார்ப்போம்!"

ராசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"தண்ணிக்குள்ளயா? அதுக்குள்ள நான் எதுக்கு அத்தை போறேன்? நான்தான் கரையேறிட்டேனே!"

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"அம்மா பிடிச்சுட்டு வருவாங்க. இன்னைக்கு இன்னும் வரல" என்று வயிற்றைத் தடவிக்கொண்டான். "அத்தை, உங்ககிட்ட மீன் ஏதும் இருக்கா?"

நீலாயி நேராக மணல்மேட்டுக்கு ஏறினாள். மயில் அங்கே முயல்குட்டிகளுக்கும் கவுதாரிக் குஞ்சுகளுக்கும் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார்! இங்க நீச்சல் பாடம் எப்ப?"

"நீச்சலா?" மயில் காலைத் தூக்கி நின்றார். "நம் பள்ளியில் அந்தப் பழக்கமே இல்லையே அம்மா!"

"எல்லாரும் கரையேறினாங்கன்னு கிளி கத்துதே?"

"கரையேறினார்கள் என்றுதான் சொன்னோம். தண்ணீரில் இறங்கினார்கள் என்று எப்போது சொன்னோம்?"

நீலாயி வந்த வழியே திரும்பினாள். அதற்குள் மேற்கேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது.

வெள்ளம்! ஆடி பிறக்கக்கூட அது பொறுக்கவில்லை.

செந்நிறத் தண்ணீர் நுரையும் மரக்கிளையுமாகப் புரண்டு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ராசப்பன் உட்கார்ந்திருந்த பாறையைச் சுற்றிக்கொண்டது. பாறைக்கும் கரைக்கும் நடுவில் ஒரு தாவல் தூரம்தான். ராசப்பன் காலைக்கூட நனைக்காமல் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"கரையேறு! கரையேறு!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

"எப்படி ஏறுறதுன்னு சொல்லித் தரலையே!" என்று அழுதான் முதல் மாணவன்.

"நிமிர்ந்து நில்!" என்றார் மயில். பாவம், அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

மேலே கிளிகள் ஒன்றும் புரியாமல் "நூற்றுக்கு நூறு! நூற்றுக்கு நூறு!" என்று சுற்றின.

நீலாயி பாய்ந்தாள். ராசப்பனின் பிடரியைக் கவ்வி ஒரே இழுப்பில் மணலில் கொண்டுவந்து போட்டாள். நரி ஓடி வந்தது.

"நல்ல வேளைக்கா! சரி, வாலை நீட்டுங்க. ஆடி பிறக்கப் போகுது!"

நீலாயிக்கு அது காதில் விழவில்லை. இந்த வெள்ளம் அந்தக் கரையிலும்தானே ஏறியிருக்கும்? சுழியன்!

அவள் ஆற்றில் விழுந்தாள். அவ்வளவு வேகமாக அவள் என்றைக்குமே நீந்தியதில்லை. மருதமரத்தடிக்குப் போனாள். வளை முழுக்கத் தண்ணீர். மாசாணம் இல்லை. சுழியனும் இல்லை. கரையோரமாகவே ஓடினாள். தென்கரைப் பள்ளி மடுவைச் சுற்றித் தவளைக் குஞ்சுகளும் தாரா வாத்துக் குஞ்சுகளும் கூட்டமாக நின்றன. நடுவில் மாசாணம் தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சுழியன் எங்கே?" என்று அலறினாள்.

ஒரு தாராக் குஞ்சு துள்ளிக் குதித்துச் சொன்னது: "சுழியன் மூழ்கிட்டான் அத்தை!"

நீலாயி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கொன்னுட்டேன்... வளை வளைன்னு அலைஞ்சு எம்புள்ளைய விட்டுட்டேனே!"

"ஆமா, மூழ்கிட்டான்" என்றாள் கிளையிலிருந்து நீர்க்காகம் டீச்சர். "எத்தனை நாள் போராட்டம்! இன்னைக்குத்தான் தலையை உள்ள விட்டான். எவ்வளவு நேரமா அடியில இருக்கான் பாரு! எதுக்கும்மா அழுவுற? பெருமைப்படு!"

நீலாயி நிமிர்ந்தாள். "என்ன?"

மடு நடுவில் குமிழி வந்தது. இன்னும் கொஞ்சம் குமிழி. பிறகு ஒரு சின்ன உருண்டைத் தலை வெளியே வந்தது. வாயில் ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளியது. அதைக் கரையில் துப்பிவிட்டுச் சுழியன் கத்தினான்:

"அம்மா! உள்ள ஒரு ஊரே இருக்கும்மா!"

நீலாயி ஓடிப்போய் அவனை வாரி எடுத்தாள். முகர்ந்தாள். நக்கினாள். முதுகில் ஒன்று வைத்தாள். மறுபடி நக்கினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. அப்புறம் திரும்பி மாசாணத்துக்கும் ஒன்று வைத்தாள்.

"மழையில நனைஞ்சானாக்கும்?"

"நீதானே பேசாம இருக்கச் சொன்ன!" என்றான் மாசாணம், அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டே. அவனும் சிரித்தான்.

"டீச்சர், வெள்ளம் வர்ற நேரத்துல யாராவது இதைச் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள் நீலாயி.

"இந்த மடுவுக்குள்ள இழுப்பு வராது. வெள்ளம் மேலே கிடக்கிறவனைத்தான் அடிச்சுட்டுப் போகும். அடியில போகத் தெரிஞ்சவனை ஒண்ணும் பண்ணாது" என்றாள் டீச்சர். "அதனாலதான் இங்க முதல் பாடமே மூழ்குறது. ஊருக்கு அது வேற மாதிரி கேக்குது. நான் என்ன பண்ண?" சொல்லிவிட்டுச் சிறகை மறுபடி விரித்துக் காயப்போட்டாள்.

அக்கரையிலிருந்து நரி தொண்டை கிழியக் கூப்பிட்டது.

"அக்கா! நேரமாச்சு! வால்! வால்!"

நீலாயி மடுவில் இறங்கினாள். வாலை உயரத் தூக்கித் தண்ணீரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கரையில் நின்ற குஞ்சுகள் எல்லாம் நனைந்து கூச்சலிட்டன.

"இந்த வால் இங்கதான்டா தட்டும்! போய் வேற நண்டு பாரு!"

வெள்ளம் வடிந்த பிறகு ராசப்பனின் அம்மா அவனை ஒரு மிதக்கும் கட்டையில் ஏற்றி இந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். வளை மாற ஆடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் நீலாயி அத்தை வீட்டு விருந்தாளி என்று டீச்சர் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். வாட்டசாட்டமான முதல் மாணவன், தாராக் குஞ்சுகளுக்கு நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைத் தண்ணீரில் விட்டுத் தும்மினான். பக்கத்தில் சுழியன். "பயப்படாதண்ணே, மூழ்கிப் போயிடலாம்!" என்று தைரியம் சொன்னான்.

வடகரைப் பள்ளி இன்றைக்கும் நன்றாகத்தான் நடக்கிறது. முயலுக்கும் கவுதாரிக்கும் அதைவிட நல்ல பள்ளி கிடையாது. கிளிகளும் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. நீலாயிக்கு இப்போது அந்தச் சத்தத்தில் நல்ல தூக்கம் வருகிறது.

ஊர் புகழ்கிற பள்ளிக்காக வீட்டை மாற்றாதே. உன் பிள்ளைக்கு வேண்டியதை எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வீட்டைத் தேடு.