கடிக்காத ஷூ

ஒரு ஊர்ல ஒரு தையக்காரம்மா. பேரு பவுனுத்தாயி. எந்த ஊருன்னா, திண்டுக்கல்லுன்னு வச்சுக்கோயேன், ஜன்னலைத் திறந்தா மலை தெரியும். ம் கொட்டு. ம், அப்படித்தான்.

பவுனுத்தாயி காலையில மிஷின்ல உக்காந்தா சாயங்காலந்தான் எந்திரிப்பா. டரடரடரடர! அப்போ அவ தெருவுல ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தங்க, ரிட்டயர்டு பி.டி. டீச்சர், பொம்பளைங்களை எல்லாம் சேத்துக்கிட்டு மலை ஏறக் கிளம்புனாங்க. எப்படிப் பேசுவாங்க தெரியுமா? "பவுனு! ஞாயித்துக்கிழமை! அஞ்சு மணி! வர்றே!"

பவுனுத்தாயிக்கு ஒரே பயம். பாதி மலையில மூச்சு வாங்கி உக்காந்துட்டா? கூட வர்ற பதினோரு பேரும் நின்னு வேடிக்கை பாப்பாங்களே! அதைச் சொல்ல வெக்கம். அதனால, "செருப்போட ஏற முடியாது டீச்சர். என் காலுக்கு ஷூ கிடைச்சா வர்றேன், இல்லேன்னா இல்லை"ன்னுட்டா. அவ சொன்னா சொன்னதுதான், மாத்தவே மாட்டா. அதான் சிக்கலே.

அப்புறம் நேரா ஷூக் கடைக்குப் போனா. எதுக்கு, வாங்கவா? ம்ஹூம். எந்த ஷூவும் சேரலைன்னு வந்து சொல்றதுக்கு!

கடைக்காரர் ரஃபீக் பாய். இம்மாம் பெரிய தொப்பை. "வாங்...கக்கா, உக்காருங்...க"ன்னு அண்டாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி பேசுவாரு. முதல் ஷூவை எடுத்துப் போட்டாரு. கீச்சு கீச்சு! விரல் அஞ்சும் டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி நெரியுது. "ஆ... கடிக்குது பாய்!" மூஞ்சியில அழுகை, மனசுக்குள்ள ஒரே கும்மாளம்.

அப்புறம் ரெண்டாவது ஷூ. லொடக்கு லொடக்கு! "குதிகால் தனியாக் கழண்டு வருது பாய்!" இன்னும் கும்மாளம்.

அப்புறம் மூணாவது. சாம்பல் கலரு. போட்டா. ஒண்ணுமே ஆகலை. விரலை ஆட்டுனா, ஆடுது. குதிகாலைத் தூக்குனா, ஷூவும் கூடவே வருது. பவுனுத்தாயிக்குத் திக்குனு ஆயிருச்சு.

பாய் ஒரு அட்டையை விரிச்சாரு. "தரையில படாம இது மேலயே ரெண்டு எட்டு வையுங்கக்கா, புது ஷூ."

"மலையில யாரு பாய் எனக்கு அட்டை விரிக்கப் போறா? படியேறித்தான் பாப்பேன். எங்கயாச்சும் கடிக்கும். கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

மூணு மாடிக் கடை. ஏறுனா. தொப் தொப் தொப்! கடிக்கலை. 'இறங்கும்போது விரல் இடிக்கும்'னு இறங்குனா. தட தட தட! இடிக்கலை. மறுபடி ஏறுனா, இறங்குனா. ஷூவுக்கு என்ன ஆகுமோன்னு பாயும் பின்னாடியே. "அக்கா... ஹ்ஹா... கடிச்சுதா... ஹ்ஹா..."

ம் கொட்டு. தூங்கிராத.

மூணாவது தடவை ஏறும்போது, ரெண்டாம் மாடித் திருப்பத்துல மூச்சு முட்டிருச்சு. நெஞ்சு தடக்கு தடக்கு. தொப்புனு படியிலயே உக்காந்துட்டா. போச்சா! எதுக்குப் பயந்தாளோ அதுவே நடந்துருச்சு. மெதுவாத் திரும்பிப் பாத்தா, நாலு படி கீழ பாயும் உக்காந்திருக்காரு. அவரு சிரிக்கலை. சிரிக்கிறதுக்கு மூச்சு வேணுமே!

கொஞ்ச நேரத்துல நெஞ்சு அடங்குச்சு. மேல இன்னும் பதினெட்டு படி. பாதியில விட்டா அது என்ன சோதனை? எந்திரிச்சா. ஏறுனா. மொட்டை மாடிக்கே போயிட்டா.

அப்போ கீழ இருந்து பாய், "கடிச்சுதாக்கா?"

'ஆமா'ன்னா போதும். ஒரே வார்த்தை. ஞாயித்துக்கிழமை நிம்மதியா வீட்டுல கிடக்கலாம். அவ விரல் வலி யாருக்குத் தெரியப் போவுது? வாயைத் திறந்தா. மூடுனா. மறுபடி திறந்தா.

"கடிக்கலை பாய். பில்லைப் போடுங்க."

அங்கனயே நின்னு போன் போட்டா. "டீச்சர், ஷூ சேந்துருச்சு. வர்றேன். ஆனா ஒண்ணு. நான் நடுவுல உக்காருவேன். எத்தனை தடவைன்னு தெரியாது. உக்காந்தா நானே எந்திரிப்பேன், யாரும் கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது."

அந்தப் பக்கம் டீச்சரேதான். ஆனா குரல் மட்டும் குசுகுசுன்னு. "எனக்கும் முட்டி வலிடி பவுனு. நீ உக்காரும்போது என்னையும் கூப்பிடு."

அவ்வளவுதான் கதை. அவங்க ரெண்டு பேரும் விடிகாலையில எந்திரிக்கணும். நீயும் கண்ணை மூடு.